யாகோப்பு அண்ணை வீட்டில் தங்கிய மாதாவும் சூசையப்பரும்

எங்கள் கட்டடத்தில் நத்தார் நவம்பர் இரண்டாம் திகதியே வந்துவிடும். ஜெர்மனியின் எசன் நகரத்துக் கத்தோலிக்கர்கள் அன்றைக்குக் கல்லறைகளில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்க் கதவில், யாகோப்பு அண்ணை பிளாஸ்டிக் மரத்தை விரித்து, பல்பு சுற்றி, பாலன் குடிலைக் கட்டி, பாலனையும் வைக்கோலில் படுக்க வைத்துவிடுவார். பிறக்க இன்னும் ஏழு கிழமை இருக்கிற பிள்ளையை ஏன் இப்பவே குளிரில் கிடத்துகிறீர்கள் என்று அவருடைய மனைவி பிளோறன்ஸ் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"பிறக்கத்தானே போறார்!"

நான் வேதவல்லி. சைவக்காரி. கந்தசட்டிக்கு ஆறு நாள் பால் பழத்தோடு இருக்கிறவள். ஒன்று வருவதற்கு முன் வயிறு காய வேண்டும் என்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை. அதனால் இந்த மனுசனை எதிர்வீட்டில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேண்டும். என் சலவை மெசின் பழுதானால் நான் சொல்லி வாய் மூடுமுன் திருப்புளியோடு வந்து நிற்பார். ஆனால் அவர் வந்து நின்றபின் மெசினில் தண்ணீர் வடியும்வரை பொறுக்கச் சொன்னால் கேட்க மாட்டார். என் குளியலறை இரண்டு முறை குளமானது அப்படித்தான்.

மின்சாரச் சோற்றுப் பானையின் சுவிச் 'டிக்' என்று விழும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. அரை அவியல் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவார். பஸ் தரிப்பில் நிற்க மாட்டார். அடுத்த தரிப்புக்கு நடப்பார், அதற்கடுத்ததற்கும் நடப்பார், பஸ் அவரைக் கடந்து போகும்போது அதைப் பார்த்துக் கையசைப்பார். ஒன்பது மணிக்கு டெர்மின், அதாவது சந்திக்கக் குறித்த நேரம், என்றால் எட்டு மணிக்கு அந்தக் கந்தோர்க் கதவைத் தட்டி, "நான் வந்திட்டன், நீங்கள் ஏன் இன்னும் வரேல்லை?" என்று ஜெர்மன்காரரிடமே கேட்கிற ஆள். நேரம் தவறாத நாடு என்று பெயரெடுத்த நாட்டில், நேரத்துக்கு முந்தி வருகிறார் என்று பெயரெடுத்த ஒரே தமிழர் இவர்தான் என்று நினைக்கிறேன்.

வேலையில் மட்டும் இந்தக் குணம் அவருக்குச் சோறு போட்டது. டயர்க் கடையில் வேலை. நாலு டயரையும் கழற்றிக் குளிர்கால டயர் பூட்ட அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் போதும். முதலாளிக்கு அவர் மேல் உயிர். தன்னுடைய காருக்கு மட்டும் ஓகஸ்ட் மாதத்திலேயே குளிர்கால டயர் பூட்டிவிடுவார், பனி என்றைக்கோ ஒரு நாள் கொட்டத்தானே போகிறது என்று.

நான் ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏன் அண்ணை உங்களுக்கு இவ்வளவு அவசரம்? ஆர் உங்களைத் துரத்தினம்?"

"அக்கா, ஒரு மனுசனுக்கு விதிச்ச காத்திருப்பு எல்லாத்தையும் நான் அசூலிலையே இருந்து முடிச்சிட்டன். இனி எனக்கு மிச்சம் இல்லை."

அது பகிடி இல்லை. பேசாலையிலிருந்து எண்பத்தேழில் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்தவர். அகதி முகாமில் ஒரு அறையில் ஆறு பேர். இன்னும் மூன்று மாதம் நிற்கலாம் என்று ஒரு கடுதாசி, அது முடிய இன்னொரு மூன்று மாதம் என்று இன்னொரு கடுதாசி. இப்படி எட்டு வருடம். அவ்வளவு காலமும் பிளோறன்ஸ் மன்னாரில் இவருடைய ஒரு படத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் அவள் வந்து இறங்கியபோது இவர் விமான நிலையத்துக்கு முதல் நாளே போய் நின்றாராம். அதைக் கேட்டபின் எனக்கு அவருடைய அரை அவியல் சோற்றைப் பார்த்துச் சிரிப்பு வருவது குறைந்தது. முற்றாக நின்றது என்று சொன்னால் பொய்.

ஆனால் அவசரம் சோற்றோடும் சலவை மெசினோடும் நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர்களுக்கு ஒரே பிள்ளை, அன்னா. கெட்டிக்காரி. சட்டம் படித்தாள். நாலு வருடத்துக்கு முன் பெரிய சோதனை எழுதினாள். மறுமொழி வர ஆறு கிழமை என்றார்கள். ஆறு கிழமை! யாகோப்பு அண்ணை மூன்றாம் கிழமையே மண்டபம் எடுத்துவிட்டார். நூற்றெண்பது பேர். வீடியோக்காரன். மூன்று தட்டுக் கேக், அதன் உச்சியில் சீனியில் செய்த தராசு, தராசுக்குக் கீழே 'வக்கீல் அன்னா'. அன்னா மேடையில் மாலையோடு இருந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பல்லுக் குத்தோடு கலியாண வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். "அப்பா, இன்னும் றிசல்ட் வரேல்லை" என்று அவள் மைக்குக்கு அருகில் சொன்னது வீடியோவில் பதிந்திருக்கிறது. "வரத்தானே போகுது!" என்று இவர் சொன்னதும் பதிந்திருக்கிறது.

வந்தது. சித்தியில்லை.

நூற்றெண்பது பேரும் அவளுடைய கேக்கைத் தின்றவர்கள். ஒவ்வொருவராக எடுத்து விசாரித்தார்கள். எட்டாம் நாள் அவள் இரண்டு பையோடு டார்ம்ஸ்டாட்டில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போனாள். போனவள் வேறு ஏதோ படித்து அங்கேயே ஒரு கொம்பனியில் சேர்ந்துவிட்டாள். தாயோடு ஞாயிறு தோறும் பேசுவாள். தகப்பனோடு இல்லை. இவர் முதல் வருடம் ஒரு நாளைக்குப் பதினொரு தரம் போன் அடித்தார். இரண்டு தரம் சொல்லாமல் கொள்ளாமல் டார்ம்ஸ்டாட்டுக்குக் காரை விட்டார். அவள் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நத்தார் போயிற்று. நாலாவது, போன வருடத்து நத்தார்.

போன வருடம் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் முப்பதில் வந்தது. திருவருகைக்காலம், ஜெர்மன்காரர் சொல்கிற அட்வென்ட், என்றால் நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறும் அடங்கிய காத்திருப்புக் காலம். வட்டமாகச் செய்த பச்சைக் கிளை வளையத்தில் நாலு மெழுகுதிரி வைத்து, கிழமைக்கு ஒன்றாகக் கொளுத்துவார்கள். யாகோப்பு அண்ணை முதல் ஞாயிறே நாலையும் கொளுத்துகிறவர். நாளுக்கு ஒரு கதவாகத் திறக்கவென்று இருபத்திநாலு சொக்கிலேற் ஒளித்து வைத்த அட்டைக் கலண்டரையும் ஒரே பின்னேரத்தில் திறந்து முடித்துவிடுவார். அந்த ஞாயிறு அவர் இருபத்திரண்டாம் திகதியைத் தின்றுகொண்டிருந்தபோது பிளோறன்ஸின் போனுக்கு அன்னாவின் செய்தி வந்தது.

பிளோறன்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் கண்ணாடி போட்டு வாசித்தேன்.

'24ஆம் திகதி வாறன். 14.14க்கு ரயில் வந்து சேரும். அப்பா அதுவரைக்கும் போன் எடுக்கக்கூடாது. ஸ்ரேஷனுக்கு வரக்கூடாது. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. ஒண்டும் ஏற்பாடு செய்யக்கூடாது. இதிலை ஒண்டு பிழைச்சாலும் பாதியிலை இறங்கித் திரும்பிப் போயிடுவன்.'

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு கிடக்கு. எனக்குச் சொல்லிட்டாய்!" என்றேன்.

"நீங்கள் ஒருத்தரோ அக்கா" என்று பிளோறன்ஸ் அழுதாள். "நான் வேறை ஆரிட்டைச் சொல்லி ஆறிறது? மற்றதெல்லாம் விடுங்கோ. இந்த மனுசன் இருபத்திநாலு நாள் போன் எடுக்காமல் இருக்குமோ? ஏலாது. ஏலவே ஏலாது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் சொக்கிலேற் பூசிய வாயோடு வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. தன் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"அக்கா, இதை நீங்கள் வைச்சிருங்கோ. காலமை வேலைக்குப் போகேக்கை வாங்கிறன். வந்தவுடனை தாறன். நான் அழுதாலும் தராதேங்கோ."

நான் அதை அரிசி வாளிக்குள் புதைத்தேன். அன்று தொடங்கி ஒவ்வொரு பின்னேரமும் கதவைத் தட்டினார். ஒரு நாள் பற்றறி பார்க்க வேண்டுமாம். ஒரு நாள் மன்னாரில் மழையா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அவர்களுடைய பங்கில் அப்போது ஒரு தமிழ்ச் சுவாமியார் இருந்தார். நிலக்ஷன் சுவாமி. முப்பத்துநாலு வயது, மன்னார்ப் பெடியன். நிலக்ஷன் என்று புதுநாகரிகப் பெயரில் ஒரு சுவாமியாரா என்று நான்கூட முதலில் சிரித்தேன். ஜெர்மன்காரருக்கும் தமிழருக்கும் ஒரே கோவிலில் பூசை வைக்கிறவர். அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. பாலன் பிறக்குமுன் மாதாவும் சூசையப்பரும் எங்கும் இடமில்லை என்ற பதிலோடு இடம் தேடி அலைந்ததை நினைத்து, ஒரு முழ உயரச் சுரூபங்கள் இரண்டைத் துணிப் பையில் வைத்து, டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து வீடு வீடாக அனுப்புவார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள். இருபத்துமூன்று வீடு. இருபத்துநாலாம் திகதி பின்னேரம் நாலு மணிக்குக் கோவிலுக்குக் கொண்டுவந்து குடிலில் வைப்பார்கள். பையை வீட்டுக்கு வீடு கொண்டுபோகக் கார் உள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. சுவாமி யாகோப்பு அண்ணையைக் கேட்டார். வேண்டுமென்றுதான் கேட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று மெதுவாக ஓட்டப் பழகட்டும் என்று. பாவம், சின்ன வயது, ஆளைத் தெரியவில்லை.

முதல் ஐந்து நாள் ஒழுங்காகப் போனது. ஆறாம் திகதி சனிக்கிழமை. அன்று மட்டும் மாதாவும் சூசையப்பரும் எட்டு வீட்டில் தங்கினார்கள். ஞாயிறு ஏழு வீடு. திங்கள் வேலை முடிந்து வந்து மிச்சம் மூன்று வீடு. ஒரு வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம், டயர்க் கணக்கு. ஒரு ஜெர்மன் மூதாட்டி செபப் புத்தகம் வாசிக்கக் கண்ணாடி தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மேசையில் சுரூபங்கள் இல்லையாம். கீழே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம்தான் கேட்டதாம்.

செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் திகதி, யாகோப்பு அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு பங்குக் கந்தோருக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தான் வெற்றியோடு வருவதைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டுமாக்கும். கந்தோரில் ஃப்ராவ் ஹெல்ஷர் என்று ஒரு அம்மா. முப்பது வருடமாக அந்தக் கதிரையில் இருக்கிறாள்.

"வந்திட்டினம்," என்று இவர் பையை மேசையில் வைத்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.

"இருபத்துநாலாம் திகதி, பதினாறு மணி," என்றாள்.

"எல்லா வீடும் முடிஞ்சுது. வீட்டுக்காரற்றை கையெழுத்தும் இருக்கு."

"குடில் இன்னும் நிலவறையில் இருக்கிறது, ஹெர் யாகோப்பு. கட்டவில்லை. இவர்களை வைக்க இங்கே இடம் இல்லை."

"ஒரு அலுமாரிக்குள்ளை?"

"அலுமாரியில் ஆவணங்கள். இடமில்லை."

சொல்லிவிட்டு அந்த அம்மா தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல ஒரு கணம் நின்றாள். ஆனாலும் ஜெர்மன்காரி. டெர்மின் டெர்மின்தான், மாதாவாக இருந்தாலும். பையைத் திருப்பி நீட்டினாள். யாகோப்பு அண்ணை மாதாவையும் சூசையப்பரையும் தூக்கிக்கொண்டு மழைத் தூறலில் வெளியே வந்து நின்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லட்டோ?" என்றார். "இவை வேளைக்கு வந்து சேர்ந்தால் நத்தாரும் வேளைக்கு வந்திடும் மாதிரி எனக்குள்ளை ஒரு எண்ணம். பிள்ளையும்... விசர்க்கதை எண்டு தெரியும்."

என் சிரிப்பு அப்படியே நின்றது. அறுபத்துமூன்று வயது மனுசன், கையில் ஒரு துணிப் பை.

அந்த நேரம் நிலக்ஷன் சுவாமி சைக்கிளில் வந்து இறங்கினார். விசயம் அவருக்கு எட்டியிருந்தது. கண்ணாடி தேடிய மூதாட்டி விடியவே போன் அடித்திருக்கிறாள். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கப் பெரிய பாடுபட்டார்.

"பாவசங்கீர்த்தனம் செய்யிறியளோ அண்ணை?"

"இஞ்சையே கேளுங்கோ சுவாமி. வேதவல்லி அக்காவுக்கு எல்லாம் தெரியும்."

மழையில் ஒதுங்கி நின்றே எல்லாம் சொன்னார். மண்டபம், கேக், தராசு, டார்ம்ஸ்டாட், நாலு கட்டளை. கடைசியில் குரலை உயர்த்தி ஒரு கேள்வியும் கேட்டார்.

"சுவாமி, எனக்கு இது விளங்கவே இல்லை. அவர் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே வந்திட்டார். வந்தவருக்கு ஏன் ஒவ்வொரு வருசமும் காத்திருக்க வேணும்?"

"வந்தவர் ஒரேயடியாய் வந்து முடிச்சிட்டுப் போகேல்லை அண்ணை. கடைசியிலையும் வருவார், ஒவ்வொரு நாளும் வாறார். எல்லாற்றை வீட்டுக் கதவடிக்கும் வாறார். நீங்கள்தான் வீட்டிலை நிக்கிறேல்லை."

"நானோ?"

"நீங்கள் எப்பவும் அவரைக் கூட்டிவர எண்டு அடுத்த சந்தியிலை நிக்கிறியள். அவர் வேற பக்கத்தாலை வந்து, கதவைப் பார்த்திட்டுப் போறார்."

அபராதமும் கொடுத்தார். மாதாவும் சூசையப்பரும் இருபத்துநாலாம் திகதிவரை யாகோப்பு அண்ணை வீட்டிலேயே தங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் அந்த இரண்டு பேருக்கும் முன்னால் கால் மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும். மெழுகுதிரி கிழமைக்கு ஒன்று.

"சும்மாவோ? ஒரு செபமாலையாவது சொல்லிறன் சுவாமி."

"வேண்டாம். நீங்கள் அதை நாலு நிமிசத்திலை சொல்லி முடிச்சிடுவியள்."

அந்தப் பதினைந்து நாளையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் நாள் அவர் கதிரையில் இருந்த விதம் பல் டாக்குத்தரிடம் இருக்கிற விதம். மூன்றாம் நிமிடம் எழும்பி ஜன்னல் திருகாணியை இறுக்கினார். இரண்டாம் நாள் சூசையப்பரின் கைத்தடி கொஞ்சம் ஆடுகிறது என்று பசை எடுக்கப் போனார். பிளோறன்ஸ் கையைப் பிடித்து இருத்தினாள். நாலாம் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, சூசையப்பரோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"உமக்கும் விசாதான் பிரச்சினை. ஓம். எனக்குத் தெரியும்."

பாலனை எடுத்து பிளோறன்ஸிடம் கொடுத்தார். அவள் அதைத் துவாய்க்குள் சுற்றி அலுமாரியில் வைத்தாள். வெறும் வைக்கோலைப் பார்க்க அவருக்கு முதலில் அந்தரமாக இருந்ததாம். பத்தாம் நாளளவில் அது பழகிவிட்டது என்றார். "வெறுமையாய்க் கிடந்தால்தான் அக்கா, ஆரோ வரப்போயினம் எண்டு தெரியுது." அன்றைக்கு அவர் போன் கேட்கவும் வரவில்லை. ஏழு மணிக்கு நானே வாளியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, ஆளுக்குக் காய்ச்சலோ என்று.

பிளோறன்ஸிடம் ஒரு நாள் கேட்டேன், இந்தக் காலத்தில் நீங்கள் உண்மையாக என்னதான் செய்கிறீர்கள் என்று. வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்: "வாறவைக்கு இடம் ஒதுக்கிறது அக்கா. வீட்டிலை இல்லை. எங்கடை ஆசை, எங்கடை அவசரம் எல்லாம் உள்ளுக்கை அடைச்சுக்கொண்டு கிடக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வைச்சால்தானே ஒருத்தர் வந்து இருக்கலாம்." எங்களுடைய விரதமும் அதற்குத்தானே என்று எனக்குப் பட்டது. நான் அதை விரதச் சாப்பாட்டின் சுவையில் மறந்துபோகிறவள்.

இருபத்துநாலாம் திகதி வந்தது. பிளோறன்ஸ் கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள், ஒத்திகைக்கு ஒரு மணிக்கே போக வேண்டும். போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"இவரைப் பாருங்கோ அக்கா. ஸ்ரேஷனுக்கு ஓடிவிடுவார்."

யாகோப்பு அண்ணை கோட்டுப் போட்டு, சப்பாத்துப் போட்டு, முன் நடையில் ஒரு கதிரையில் இருந்தார். மடியில் துணிப் பை. பையின் வாயால் மாதாவின் தலையும் சூசையப்பரின் தடியும் தெரிந்தன. நான் அடுத்த கதிரையில் காவல். இரண்டே கால் ஆனது. ஸ்ரேஷனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மூன்று மணி ஆனது. ஆள் இல்லை. மூன்றேகால். அவருடைய வலது கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"ரயில் பிந்தியிருக்கும் அண்ணை."

"ஓம்."

"போனை எடுத்துத் தரட்டோ? ஒருக்கால் அடிச்சுக் கேட்டால்..." என் வாயில்தான் அது வந்தது. எனக்கே பொறுக்க முடியவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

"சொன்னவள். நான் எடுக்கக்கூடாது."

"பாதியிலை இறங்கியிருப்பாளோ?"

இந்த வாயை என்ன செய்வது! கேட்டபின்தான் கேட்டது தெரிந்தது. அவர் சூசையப்பரின் தடியைப் பிடித்துக்கொண்டு, "இருக்கலாம்," என்றார். "இறங்கினாலும், அவள் இறங்கினதுதானே. நான் இஞ்சை நிக்கிறன்."

மூன்று ஐம்பத்தைந்துக்கு என் போன் அலறியது, பிளோறன்ஸின் இலக்கம். நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். ஃப்ராவ் ஹெல்ஷரின் குரல் எனக்கும் கேட்டது. கோவில் நிரம்பிவிட்டது, பிள்ளைகள் சிறகு கட்டிச் சம்மனசு உடுப்போடு நிற்கிறார்கள், குடில் தயார், மாதாவும் சூசையப்பரும் எங்கே?

யாகோப்பு அண்ணை தொண்டையைச் செருமினார். முப்பத்தெட்டு வருட ஜெர்மன் வாழ்க்கையில் அவர் பேசிய மிக நிதானமான ஜெர்மன் அதுதான்.

"காத்திருங்கள், ஃப்ராவ் ஹெல்ஷர். இது அட்வென்ட்."

வைத்துவிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த அம்மாவும் மறுமுனையில் அப்படித்தான் நின்றிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணிக்கென்று சற்று முன் போய் என் வீட்டு அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் நினைவு வந்தது. ஓடினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வடிந்திருந்தது. அதை நிறுத்தித் துடைக்கும்போது படியில் காலடி கேட்டது. மெதுவான காலடி, பெட்டி ஒன்றின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம். நான் துடைத்த துணியோடு என் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன். பிழைதான். ஆனால் யார் வைக்காமல் இருப்பார்கள்?

அன்னா. தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். தகப்பன் கதவுக்கு முன்னால் பெட்டியை நிறுத்திவிட்டு நின்றாள். மணியை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள், திரும்ப எடுத்தாள். ஒருமுறை திரும்பிப் படியைப் பார்த்தாள்.

யாகோப்பு அண்ணையைப் பற்றி இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒன்று தெரியும். அவர் வீட்டு மணியை யாரும் அடித்ததில்லை. கீழ்ப் படியில் கால் வைக்கும்போதே கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ, ஏன் பிந்திட்டியள்?" என்பார். தபால்காரன்கூட அந்த மணியைக் கண்டதில்லை. இன்றைக்குக் கதவு மூடியிருந்தது. அந்தப் பெட்டிச் சத்தம் அவருக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை.

திற, மனுசா, திற என்று நான் துணியைக் கடித்துக்கொண்டு உள்ளே நின்று மன்றாடினேன். பிறகு, திறந்துவிடாதே என்றும் மன்றாடினேன். எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அணைந்தது. இருட்டில் அவர் வீட்டுக் கதவின் கீழ் இடுக்கு மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. அந்த வெளிச்சக் கோட்டின் நடுவில் இரண்டு இடத்தில் கறுப்பு. இரண்டு சப்பாத்து. கதவுக்கு ஒட்டினாற்போல.

அன்னாவும் கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சப்பாத்து அசையவில்லை. வலது சப்பாத்து மட்டும் கொஞ்சம் ஆடிவிட்டுத் தன்னை அடக்கிக்கொண்டது. அவள் கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மணியை அடித்தாள்.

கதவு திறந்தது. உடனே இல்லை. ஒரு மூச்சு எடுக்கிற அளவுக்குப் பொறுத்துத் திறந்தது. கையில் பையோடு அவர் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னாலை நிண்டனீங்கள் அப்பா?"

"நீ படியிலை ஏறேக்கையிருந்து."

"அப்ப ஏன் திறக்கேல்லை?"

"நீ இன்னும் வந்து முடியேல்லை, பிள்ளை."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அந்தத் துளை வழியாகச் சரியாகத் தெரியவில்லை, என் கண்ணும் சரியில்லை. பொறுக்க முடியாமல் குப்பை போடப் போகிறவள் மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். அன்னா என் பையைப் பார்த்து, "அன்ரி, அது வெறும் பை," என்றாள். பிறகு நேரத்தைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ அப்பா, ரயில் பிந்தினதிலை நாலேகாலாகுது! கோவிலிலை அம்மா, சனம் எல்லாம் நிக்குமே! ஓடுங்கோ!"

"நிக்கட்டும்," என்றார் யாகோப்பு அண்ணை. மாதாவையும் சூசையப்பரையும் பையோடு அவள் கையில் கொடுத்தார். "முதல் உள்ளை வந்து ஒரு தேத்தண்ணி குடி."